தலைகீழாக நின்றால் உடம்புக்குள் என்னவெல்லாம் நடக்கும் தெரியுமா?

காலை மேலே தூக்குகிறோம், தலை கீழே போகிறது. செய்தது அவ்வளவுதான்! ஆனால் அந்த நொடியிலேயே கணுக்கால் முதல் கண்விழி வரை, இதயம் முதல் காதுக்குள் கிடக்கும் நுண்ணிய படிகங்கள் வரை உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் சேதி போய்விடுகிறது. சிரசாசனம், சர்வாங்காசனம், விபரீத கரணி, கலப்பை ஆசனம் என்று தலைகீழ் ஆசனங்கள் எத்தனையோ. அவற்றின் கதை பழைய சுவடியில் தொடங்கி, பெரியபுராணத்தைத் தொட்டு, அரண்மனைகளுக்குள் நுழைந்து, விண்வெளி வரைக்கும் போகிறது. அவற்றைப் பத்திரமாகச் செய்யும் வழியும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

நாம் எல்லோருமே தலைகீழாக இருந்து வந்தவர்கள், தெரியுமா?

தாயின் வயிற்றில் பெரும்பாலான குழந்தைகள் கடைசி மாதங்களில் தாமாகவே திரும்பிக்கொள்கின்றன. தலை கீழே, கால் மேலே! 36 வாரம் ஆகும்போது அநேகமாக எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் இருக்கும். நிறைமாதத்தில் புட்டமோ காலோ கீழ்ப்பக்கம் இருக்கும் குழந்தைகள் நூற்றுக்கு மூன்று, நான்குதான். வாரக்கணக்கில் தலைகீழாக இருந்தும் அந்தப் பிஞ்சுக் கழுத்துக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்? பனிக்குட நீர் உடம்பைத் தாங்கிக்கொள்கிறது, கழுத்தில் பாரம் இறங்குவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழ் ஆசனங்களில் பாதுகாப்பு என்று நாம் பேசப்போவதில் பாதி, பாரம் எங்கே இறங்குகிறது என்ற இந்த ஒரு விஷயம்தான்.

முதல் நாள் எவ்வளவு நேரம் செய்ய வேண்டும் என்று 15ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்கள், தெரியுமா?

சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. அவற்றில் சிரசாசனம் கிடையாது! தலைகீழ் நிலையை அந்த நூல் ஆசனமாக எண்ணாமல், விபரீத கரணி என்ற பெயரில் முத்திரைகளோடு வைக்கிறது. பிற்காலத்தில் வந்த கேரண்ட சம்ஹிதையும் அப்படித்தான் வைக்கிறது. காரணம் என்ன? அண்ணத்தின் பக்கம் ஒரு சந்திரன், நாபியில் ஒரு சூரியன். சந்திரனிலிருந்து சொட்டும் அமுதத்தைச் சூரியன் விழுங்கிக்கொண்டே இருப்பதால்தான் உடல் மூப்படைகிறது என்பது அந்த யோகிகளின் கணக்கு. உடம்பைத் தலைகீழாக்கினால் சூரியன் மேலே, சந்திரன் கீழே! அமுதம் சொட்டினாலும் சூரியனின் வாயில் விழாது. என்ன ஒரு கற்பனை பாருங்கள்!

இதைச் செய்தால் ஆறு மாதத்தில் நரையும் திரையும் மறையும் என்கிறது ஹட யோகப் பிரதீபிகை. பசி பெருகும், அதனால் நன்றாகச் சாப்பிடு என்றும் சொல்கிறது. இவற்றையெல்லாம் விடப் பொன்னான சேதி ஒன்றும் அதே இடத்தில் இருக்கிறது. முதல் நாள் ஒரே ஒரு கணம் மட்டும் தலைகீழாக இரு, பிறகு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொள் என்கிறது! மூப்பை வெல்லலாம் என்று நம்பியவர்களே அவசரப்படவில்லை. நமக்கு மட்டும் என்ன அவசரம்?

தலையாலேயே நடந்து கயிலாயம் போன தமிழ்ப் பெண்மணியைத் தெரியுமா?

தெரியாமல் என்ன, நம் காரைக்கால் அம்மையார்தான்! 63 நாயன்மார்களில் ஒருவர், இயற்பெயர் புனிதவதியார். இறைவன் இருக்கும் மலையைக் காலால் மிதிக்கலாமா என்று தயங்கி, தலையால் நடந்து மேலே ஏறினார் என்று பெரியபுராணத்தில் பாடுகிறார் சேக்கிழார். அப்படி வருபவர் யார் என்று உமையம்மை வியந்து கேட்க, சிவபெருமான் அவரை 'அம்மையே' என்று அழைத்ததாகச் சொல்கிறது புராணம். ஆண்டுதோறும் ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா களைகட்டுவது இந்த அம்மையாருக்காகத்தான். அவர் செய்தது ஆசனம் அல்ல, பக்தி. ஆனாலும் தலையையே காலாக்கிக்கொண்ட ஒருவரைச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே காவியத்தில் பாடிவைத்திருக்கிறது தமிழ் என்பது சாதாரணமா?

உலகத்துக்குச் சிரசாசனம் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் பாய்க்குப் பேர்போன ஊர்க்காரர், தெரியுமா?

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை. கல்யாணச் சீருக்குக் கோரைப்பாய் என்றால் பத்தமடைப் பாய்தான்! அந்த ஊரில் 1887இல் பிறந்தவர் சுவாமி சிவானந்தர். மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்துவிட்டு, துறவு பூண்டு, ரிஷிகேசத்தில் தெய்வ நெறிக் கழகத்தை 1936இல் நிறுவினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் மேற்கு நாடுகளில் பரப்பிய 12 ஆசன வரிசையில் முதல் ஆசனம் எது தெரியுமா? சிரசாசனம்! அடுத்து சர்வாங்காசனம், அதற்கடுத்து கலப்பை ஆசனம். எடுத்த எடுப்பிலேயே மூன்றும் தலைகீழ்!

இன்னொரு பக்கம், மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சார்யா பின்னாளில் சென்னைக்கு வந்து, 1989இல் மறையும் வரை இங்கேதான் வாழ்ந்தார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1966இல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' சிரசாசனத்தை ஆசனங்களின் ராஜா என்றும், சர்வாங்காசனத்தை ஆசனங்களின் தாய் என்றும் போற்றுகிறது.

பிரதமர்கள், இசைமேதை, மகாராணி எல்லோரும் தலைகீழாக நின்றிருக்கிறார்கள், தெரியுமா?

சிறையில் இருந்தபோது சிரசாசனம் செய்ததை ஜவாஹர்லால் நேரு தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். உடம்புக்குக் கிடைத்த பலனைவிட மனசுக்குக் கிடைத்த உற்சாகமே அவருக்குப் பெரிதாகப் பட்டது. இஸ்ரேலின் முதல் பிரதமர் டேவிட் பென் குரியன் 1957இல் கடற்கரை மணலில் அரைக்கால் சட்டையோடு தலைகீழாக நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அப்போது அவர் எழுபதைத் தாண்டியிருந்தார்! வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1952இல் இந்தியா வந்தபோது ஐயங்காரைச் சந்தித்து அவருடைய மாணவரானார். 1982இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நூற்றாண்டு விழாவில் தலைகீழாக நின்றுகொண்டு, காலாலேயே பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்குத் தாளம் காட்டினார்! பெல்ஜிய நாட்டின் மகாராணியாக இருந்த எலிசபெத் அம்மையார் எண்பது வயதுக்கு மேல் ஐயங்காரிடம் சிரசாசனம் கற்றுக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெனுஹினுக்கும் மகாராணிக்கும் பக்கத்திலேயே ஐயங்கார் இருந்தார். பென் குரியனுக்கு உடலசைவுக் கலையில் கைதேர்ந்த மோஷே ஃபெல்டன்கிராய்ஸ் இருந்தார். வயது தடையாக இல்லை, உண்மைதான். ஆனால் ஆசிரியர் இல்லாமல் அவர்கள் யாரும் இறங்கவில்லை!

நாள் முழுக்க நிற்கிறவரின் கணுக்காலில் எவ்வளவு அழுத்தம் தெரியுமா?

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைகளில் ரத்த அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை ஏறிவிடும். இதயத்திலிருந்து பாதம் வரையுள்ள ரத்தத்தின் பாரம் முழுவதும் அங்கே வந்து இறங்குகிறது! நடந்தால் கெண்டைக்கால் தசை அழுத்தி அழுத்தி ரத்தத்தை மேலே தள்ளும், அழுத்தம் குறையும். நின்ற இடத்திலேயே நின்றால் அதற்கும் வழியில்லை. அதனால்தான் மாலையில் கால் கனக்கிறது, செருப்பு இறுக்குகிறது, கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது.

ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்தது! அந்தக் கால்களுக்கு வீட்டில் நாம் கொடுக்கக்கூடிய மருந்து, சுவரோரம் படுத்துக் காலை மேலே நீட்டுவது. நீட்டிய சில நொடிகளில் கணுக்கால் சிரைகளின் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தேங்கிய நீர் வடியத் தொடங்கும், கனம் குறையும். காசு செலவில்லை, கருவி வேண்டாம்!

இதே வேலையை ஐ.சி.யூ.வில் டாக்டர்களும் செய்கிறார்கள், தெரியுமா?

ரத்த அழுத்தம் விழுந்துபோன நோயாளிக்கு ட்ரிப்ஸ் ஏற்றலாமா, கூடாதா? ஏற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அதனால் டாக்டர்கள் முதலில் நோயாளியின் காலை 45 டிகிரி உயர்த்திப் பார்ப்பார்கள். காலில் இருக்கும் ரத்தம் சுமார் 300 மில்லி வரை இதயத்தின் பக்கம் வந்துசேரும். இதயம் அதை வாங்கிக்கொண்டு கூடுதல் ரத்தத்தை வெளியே தள்ளினால், ட்ரிப்ஸும் பலன் தரும் என்று அர்த்தம். காலைக் கீழே இறக்கினால் ரத்தம் பழையபடி காலுக்கே போய்விடும், ஒரு சொட்டு மருந்துகூடச் செலவாகாமல் சோதனை முடிந்தது! மயங்கி விழுந்தவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பதும் இதே கணக்கில்தான்.

45 டிகிரி! தலை தரையில், முதுகு தரையில், கால் மட்டும் மேலே. அதற்கே 300 மில்லி! உச்சந்தலையில் நின்றால்தான் தலைகீழ் ஆசனம் என்று யார் சொன்னது? கால் இதயத்தைவிட உயரத்துக்குப் போன நிமிஷமே பலன் ஆரம்பமாகிவிடுகிறது.

கழுத்தில் இருக்கும் காவல்காரர்களைத் தெரியுமா?

தாடைக்குச் சற்றுக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அளக்கும் உணரிகள் இருக்கின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உண்டு. காலை மேலே நீட்டிப் படுத்ததும் இதயத்துக்கு ரத்தம் தாராளமாக வருகிறது. காவல்காரர்கள் உடனே மூளைக்குச் சேதி அனுப்புகிறார்கள், மூளை இதயத்துக்குக் கட்டளை இடுகிறது: நிதானம், நிதானம்! துடிப்பு தணிகிறது. ரத்தக்குழாய்கள் தளர்கின்றன. சுவரோரம் காலை நீட்டிப் படுத்த சில நிமிஷங்களில் ஒரு பெருமூச்சு தானாக வருமே, கண் சொக்குமே, அது இதனால்தான்! ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரள்கிறவர்கள் படுக்கப்போகும் முன் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

தலைகீழாக நின்றால் மூளைக்குக் கூடுதல் ரத்தம் போவதில்லை, தெரியுமா?

ஆச்சரியமாக இருக்கிறதா? மூளைக்கு நிமிஷத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் போகிறது. நின்றாலும் படுத்தாலும் தலைகீழானாலும் மூளை அந்த அளவை விட்டுக்கொடுக்காது. அழுத்தம் கூடினால் மூளையின் ரத்தக்குழாய்கள் தாமே சுருங்கிக்கொள்ளும், குறைந்தால் விரிந்துகொள்ளும். அப்படியானால் முகம் ஏன் சிவக்கிறது? முகத்துத் தோலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு எளிதாகத் திரும்ப முடியாமல் சிரைகளில் தேங்குவதால்! ஆகவே முகம் சிவப்பது பலனின் அடையாளம் என்று எண்ணி நேரத்தை நீட்டிக்கொண்டே போகாதீர்கள். முகம் கனத்து, கண் பிதுங்குவது போலிருந்தால் இறங்கிவிட வேண்டும்.

இந்த விஷயத்தில் ஒட்டகச்சிவிங்கிதான் மகா கில்லாடி! சுமார் இரண்டு மீட்டர் கழுத்துக்கு மேலே ரத்தத்தை ஏற்றுவதற்காக அதன் ரத்த அழுத்தம் நம்மைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் மூளை என்ன ஆவது? கழுத்துச் சிரைகளில் வால்வுகள், மூளைக்கு அடியில் பின்னல்போன்ற நுண்குழாய்கள் என்று இயற்கை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

வௌவால் ஏன் சோர்வதே இல்லை தெரியுமா?

தொங்கும்போது அதன் உடல் எடையே கால் தசைநாண்களை இழுத்து நகங்களைப் பூட்டிவிடும். துளி சக்தி செலவில்லை! செத்துப்போன வௌவால்கூடத் தொங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். அதன் உடம்பும் சின்னது, ரத்தம் ஏறி இறங்க வேண்டிய உயரமும் கொஞ்சம். ஐந்தடி, ஆறடி உயரமுள்ள நமக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு நிமிஷக் கணக்குதான், மணிக் கணக்கு அதற்கு!

விண்வெளியில் தலைகீழ் என்பதே கிடையாது, தெரியுமா?

மேல், கீழ் என்பதே இல்லாத இடத்தில் தலைகீழாக நிற்பது எப்படி? ஆனால் விண்வெளி வீரர்களின் உடம்பு, ஓயாமல் தலைகீழாக நிற்பதுபோலத்தான் நடந்துகொள்கிறது! எடையற்ற நிலையில் இருப்பதால் காலிலுள்ள திரவம் மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், கால் மெலியும், மூக்கடைக்கும். இதைப் பூமியிலேயே ஆராய்வதற்குத் தொண்டர்களை வாரக்கணக்கில் கட்டிலில் கிடத்துகிறார்கள். அந்தக் கட்டில் தலைப்பக்கம் எவ்வளவு சரிந்திருக்கும் தெரியுமா? வெறும் 6 டிகிரி! 1984 ஏப்ரலில் சல்யூத் 7 விண்வெளி நிலையத்தில் தங்கிய இந்திய வீரர் ராகேஷ் சர்மா அங்கே யோகப் பயிற்சியும் செய்து காட்டினார். மாதக்கணக்கில் விண்வெளியில் தங்குகிறவர்களில் சிலருக்குப் பார்வைகூட மாறிவிடுகிறது. திரவம் தலைக்கு ஏறினால் கண் அதை உணரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிரசாசனத்தின்போது கண்ணுக்குள் என்ன ஆகிறது என்று சென்னையிலேயே அளந்திருக்கிறார்கள், தெரியுமா?

சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகப் பயிற்சி உள்ள 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்கவைத்துக் கண் அழுத்தத்தை அளந்தார்கள். முடிவு 2006இல் வெளியானது. எல்லா வயதினருக்கும் கண் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறியிருந்தது! இயல்பாகக் கண் அழுத்தம் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். நலமான கண் இந்த ஏற்றத்தைச் சிறிது நேரம் தாங்கிக்கொள்ளும். அந்தப் பயிற்சியாளர்களிடையே கண் அழுத்தம் எப்போதும் உயர்ந்தே இருக்கும் நிலை கூடுதலாகக் காணப்படவும் இல்லை. ஆனால் கிளாக்கோமா உள்ளவர்களின் பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்திருக்கிறதே! 2015இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. முகம் கீழ்நோக்கிய நாய் நிலை, நின்றபடி முன்னால் குனிவது, கலப்பை ஆசனம், சுவரில் கால் நீட்டுவது ஆகிய நான்கிலுமே கண் அழுத்தம் ஏறியது. மிக அதிகம் ஏறியது நாய் நிலையில். எழுந்து உட்கார்ந்த இரண்டே நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

ஆகவே நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது கிளாக்கோமா இருப்பவர்கள், சிரசாசனம் கற்கும் முன் கண் டாக்டரிடம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாக்கோமாவும் விழித்திரைக் கோளாறும் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் வேண்டவே வேண்டாம். சுவரில் கால் நீட்டுவதைக்கூட டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

உச்சந்தலை எத்தனை கிலோ சுமக்கிறது தெரியுமா?

எடை எல்லாம் முழங்கையில்தான் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், நன்றாகப் பழகிய 45 பேரை அளவுகோல்மேல் சிரசாசனம் செய்யவைத்தபோது, அவர்களின் தலையிலேயே உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் இறங்கியது! 60 கிலோ எடையுள்ளவர் என்றால் தலையில் 24 முதல் 29 கிலோ. கழுத்து எலும்புகள் வழக்கமாகச் சுமப்பது தலையை மட்டும்தான், அது சுமார் ஐந்து கிலோ. கழுத்தில் இருப்பவை ஏழே ஏழு எலும்புகள். ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான் என்பது தனி அதிசயம்! அந்த ஏழில் மேலேயுள்ள இரண்டுக்கும் நடுவில் மெத்தைபோன்ற வட்டுகூடக் கிடையாது.

பயப்பட வேண்டாம், ஆனால் இந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். எகிறிக் குதித்து ஏறுவது, தொப்பென்று இறங்குவது, மேலே நின்றுகொண்டு தலையைத் திருப்பி யாரிடமாவது பேசுவது, இந்த மூன்றும் கூடவே கூடாது!

காதுக்குள் கல் இருக்கிறது, தெரியுமா?

உள்காதில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் ஒரு சவ்வின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எது மேல், எது கீழ் என்று மூளைக்குச் சொல்வது இவைதான். முதல் முறை தலைகீழானதும் திசை குழம்புகிறதே, வலக்கால் எது, இடக்கால் எது என்றே தெரியாமல் போகிறதே, காரணம் மூளைக்கு இந்தச் சேதி புதிது! பழகப் பழகக் குழப்பம் தீர்ந்து, சமநிலை கைவரும். ஆனால் இந்தப் படிகங்கள் இடம்பெயர்ந்து தலைசுற்றல் வருகிறவர்களுக்குத் தலையைச் சாய்த்தாலே உலகம் சுழலும். அவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் கொடுக்கும் சிகிச்சையும் கட்டிலின் ஓரத்தில் தலையைத் தொங்கவிட்டுத் திருப்பி, படிகங்களை அவற்றின் இடத்துக்கே உருட்டிவிடுவதுதான்!

ஒரு சுவரும் ஒரு போர்வையும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம், தெரியுமா?

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். சுவரோரம் ஒரு போர்வையை நான்காக மடித்துப் போடுங்கள். வலது இடுப்பு சுவரைத் தொடும்படி பக்கவாட்டில் உட்காருங்கள். கையை ஊன்றி, முதுகைத் தரையில் சாய்த்தபடியே இரண்டு காலையும் சுவரில் ஏற்றுங்கள். இடுப்பு போர்வைமேல், தலையும் தோளும் தரையில். தொடையின் பின்பக்கம் இழுத்தால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வாருங்கள், முழங்கால் லேசாக மடிந்தாலும் பரவாயில்லை. உள்ளங்கை வானம் பார்க்கட்டும். மூக்கால் இயல்பாக மூச்சு, அடக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் போதும், பழகியபின் பத்து. பாதம் மரத்தால் முழங்காலை மடித்து மார்புப் பக்கம் கொண்டுவாருங்கள்.

இதுதான் தலைகீழ் ஆசனங்களிலேயே கழுத்துக்குப் பாரமே இல்லாதது. வாழ்நாள் முழுக்க இதோடு நின்றுகொண்டாலும் நீங்கள் ஒன்றும் இழக்கவில்லை!

சிரசாசனத்துக்கு நுழைவுத் தேர்வு ஒன்று உண்டு, தெரியுமா?

முன்கைகளைத் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, தலையைத் தரையில் படவிடாமல் நில்லுங்கள். டால்ஃபின் நிலை என்பார்கள். கை நடுங்காமல், தோள் காதுப் பக்கம் சரியாமல் பத்து மூச்சு நிற்க முடிகிறதா? முடிந்தால் தோளுக்குத் தெம்பு வந்துவிட்டது. முடியாவிட்டால் தினமும் இதையே செய்யுங்கள், தோள் தாங்கினால்தான் கழுத்து தப்பிக்கும்.

தேர்ச்சி பெற்றதும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, சுவரோரம் முயலுங்கள். விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள், முழங்கைகளுக்கு நடுவே தோள் அளவு இடைவெளி, அதற்கு மேல் விரியக் கூடாது. தலையில் எந்த இடத்தை ஊன்றுவது? உள்ளங்கையின் அடிப்பகுதியைப் புருவ மத்தியில் வைத்து விரல்களை மேல்நோக்கிப் படியவிடுங்கள். நடுவிரல் நுனி தொடும் இடமே உச்சி! நெற்றிப் பக்கமோ பிடரிப் பக்கமோ சரிந்து ஊன்றினால் கழுத்து வளைந்து வலிக்கும். முன்கையைத் தரையில் அழுத்திக்கொண்டே காலை நடத்தி முகத்தின் பக்கம் கொண்டுவாருங்கள். இடுப்பு தோளுக்கு நேர்மேலே வந்ததும் கால் தானே லேசாகும், அப்போது முழங்காலை மடித்து மெதுவாகத் தூக்குங்கள். முதல் நாள் மடித்த முழங்காலோடு ஐந்து மூச்சு நின்றாலே பெரிய வெற்றி!

சர்வாங்காசனம் செய்கிறவர்கள் தோளுக்கு அடியில் இரண்டு மூன்று போர்வைகளை மடித்துப் போட்டு, தலையை மட்டும் தரையில் வையுங்கள். கழுத்து நெருக்கப்படாமல் தொண்டை இளக்கமாக இருக்கும்.

எந்த அறிகுறி வந்தால் உடனே இறங்க வேண்டும் தெரியுமா?

கழுத்தில் வலி, கைவிரலில் மரமரப்பு, கண்ணில் அழுத்தம், காதில் இரைச்சல், தலைவலி, மூச்சுத் திணறல். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிடுங்கள். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் வந்த வரலாறு, கழுத்துத் தேய்மானம், எலும்பு மெலிவு ஆகியவை உள்ளவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம் இரண்டையும் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் புதிதாகத் தொடங்கக் கூடாது. சாப்பிட்டதும் நெஞ்செரிச்சல் வருகிறவர்கள் வயிறு காலியாக இருக்கும்போதுகூட டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள். மாதவிடாய் நாட்களில் ஓய்வு எடுப்பது யோக மரபு, அந்த நாட்களில் குனிந்து நிமிராமல் சும்மா படுத்திருப்பதும் நல்லதுதான்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் சூட்சுமம், தெரியுமா?

தலைகீழ் நிலையில் இதயம் நிதானமாகிவிட்டது, ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிட்டன. அந்த நேரத்தில் சடக்கென்று எழுந்து நின்றால் ரத்தம் மொத்தமும் காலுக்கு இறங்கும், கண் இருட்டிக்கொண்டு வரும்! அதனால் இறங்கியதும் முழங்கால் மடித்து, நெற்றியைத் தரையில் வைத்துக் குழந்தை நிலையில் பத்து மூச்சு இருங்கள். சுவரிலிருந்து இறங்குகிறவர்கள் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துவிட்டு, கையை ஊன்றி, தலையைக் கடைசியாகத் தூக்குங்கள்.

கோவையில் யோகா பாட்டி நானம்மாள் 99 வயதில் மறையும் காலம் வரை ஆசனம் செய்துகொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார், 2018இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. சிறுவயதிலிருந்து விடாமல் செய்ததன் பலன் அது. நமக்கும் நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை. உங்கள் வீட்டில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறவர் யார்? அடுப்படியில் அம்மாவா, கடையில் அக்காவா, பஸ்ஸில் நடத்துநராக இருக்கும் அண்ணனா? இன்றிரவு சுவரோரம் போர்வையை மடித்துப் போட்டு, முதலில் அவரைப் படுக்கவையுங்கள்!